தெளிந்த நீரில் வண்ணக் கெண்டை: கொல்லைக் குளத்துக்கு வடிகட்டி அமைக்கும் முறை

நாஞ்சில் நாட்டில் வீட்டுக் கொல்லையிலும் விளையிலும் சிறு தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்கும் ஆர்வம் கூடி வருகிறது. தென்னைக்கும் வாழைக்கும் இடையே இரண்டு சென்ட் இடம் இருந்தால் போதும் என்று பலரும் இறங்குகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் விரும்பி விடுவது கோய் கெண்டை எனப்படும் வண்ணக் கெண்டை. வெள்ளையில் சிவப்பு, மஞ்சள், கருப்பு, பொன்னிறம் எனத் திட்டுத் திட்டாக நிறம் கொண்ட இம்மீன் மேலிருந்து பார்க்க அழகானது. ஆகவே நீர் தெளிவாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

வளர்ப்போர் சொல்லும் குறைகள் இரண்டு. ஒன்று, "தண்ணீர் பச்சையாகி விடுகிறது, மீனே தெரிவதில்லை" என்பது. மற்றொன்று, "தொட்டியை நன்றாகக் கழுவித் தெளிந்த நீர் நிரப்பினோம், இரண்டு நாளில் மீன்கள் செத்து மிதந்தன" என்பது. இரண்டாவது குறை முதலாவதை விடக் கொடியது. பல மாதம் தீனி போட்டு வளர்த்த மீன் ஒரே இரவில் போய்விடுகிறது. இந்த இரண்டுக்கும் முறையான வடிகட்டியே மருந்து. தெளிந்த நீர் வேறு, நல்ல நீர் வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

நெல் விவசாயிகள் தந்த மீன்

வண்ணக் கெண்டை செல்வந்தர் மாளிகையில் பிறந்ததல்ல. ஜப்பானில் நீகாத்தா மாவட்டத்து மலைப்பகுதியில், படிக்கட்டு வயல்களில் நெல் பயிரிட்ட விவசாயிகள், வயலுக்கு நீர் தேக்கும் சிறு குளங்களில் உணவுக்காகக் கெண்டை வளர்த்து வந்தார்கள. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றில் தற்செயலாகத் தோன்றிய நிற மீன்களைத் தனியே பிரித்து இனம் பெருக்கினார்கள். 1914ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் இம்மீன்கள் வைக்கப்பட்ட பின்னரே வெளியுலகம் அறிந்தது. 2004 அக்டோபரில் அப்பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் குளங்கள் உடைந்து ஏராளமான மீன்கள் மடிந்தன. இருந்தும் விவசாயிகள் தொழிலை மீட்டுக் கொண்டார்கள்.

இனத்தால் இது நம் குளங்களில் வளரும் சாதாக் கெண்டையேதான். சாதாக் கெண்டை 1939ல் உதகமண்டலத்துக்குக் கொண்டு வரப்பட்டது. வெப்பமான சமவெளிக்கு ஏற்ற பாங்காக் வகை 1957ல் இந்தியாவுக்கு வந்தது. ஆகவே வண்ணக் கெண்டை நம் வெப்பத்தைத் தாங்கும். தவிடு, பிண்ணாக்கு முதல் மீன் தீவனம் வரை எதையும் தின்னும். அதிகம் தின்பதால் அதிகம் கழிக்கும். மண்ணைக் கிளறும் பழக்கமும் உண்டு. வடிகட்டி இல்லாத சிறு தொட்டியில் இதைத் தெளிந்த நீரில் வைத்திருக்க முடியாததற்குக் காரணம் இதுவே.

நிறத்தைப் பார்த்து நோயை அறிதல்

நீர் கெடுவதில் நான்கு வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு.

நீர் பச்சையானால் அது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. வெயிலும், மீன் கழிவிலுள்ள உரச்சத்தும் சேர்ந்தால் பாசி பெருகும். பச்சை நீர் மீனுக்கு விஷமல்ல, குஞ்சுகளுக்கு உணவும்கூட. ஆனால் பாசி மிகுந்த நீரில் இரவு முழுவதும் பாசியும் மூச்சு விடுவதால், விடியற்காலையில் உயிர்வளி குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

நீர் செம்மண் நிறமானால் அது மழையில் கரைந்து வந்த மண். கரையை உயர்த்தி, வெளி நீர் புகாமல் தடுப்பதே பரிகாரம். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. படிகாரமும் அதே வேலையைச் செய்யும். ஆனால் படிகாரம் நீரின் காரத்தன்மையைக் குறைக்கும். ஒரு வாளி நீரில் சோதித்து, குறைந்த அளவு எது என்று கண்ட பிறகே குளத்தில் இட வேண்டும்.

நீர் பால் கலந்ததுபோல் வெளுத்தால் தின்னாத தீனி அழுகுகிறது என்று பொருள். தீனியை நிறுத்தி, அடியில் தங்கியதை அகற்ற வேண்டும்.

நான்காவது வகை கண்ணுக்கே தெரியாதது, அம்மோனியா. நீர் பளிங்குபோல் இருக்கும். மீன் செத்துக் கொண்டிருக்கும். தேற்றாங்கொட்டையோ படிகாரமோ கடையில் விற்கும் மருந்தோ இதை நீக்காது. உயிருள்ள வடிகட்டி ஒன்றே வழி.

வயலில் யூரியா, குளத்தில் அம்மோனியா

விவசாயிகளுக்கு இது புதிய பாடமல்ல. நிலத்தில் இடும் யூரியா அம்மோனியாவாக மாறி, பின்பு மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறிப் பயிருக்குச் சேர்கிறது. இதைச் செய்யும் நுண்ணுயிர்களை ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890ல் பிரித்துக் காட்டினார். அதே இன நுண்ணுயிர்களே மீன் குளத்திலும் வேலை செய்கின்றன.

மீன் தின்ற புரதத்தின் கழிவு பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேறுகிறது. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு தீங்கில்லை. பயிருக்கு உரமும் ஆகும். இந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து வாழ்வதைவிடக் கல், சிப்பி, வலை போன்ற பரப்பில் ஒட்டி வாழ்வதையே விரும்புகின்றன. அவற்றுக்குக் குடியிருக்க இடமும், இடைவிடாது உயிர்வளி உள்ள நீரும் தருவதுதான் வடிகட்டி. ஆகவே வடிகட்டி என்பது வெறும் சல்லடையல்ல. அதுவும் ஒரு வளர்ப்புத் தொட்டியே. மீனுக்குத் தீனி போடுவதுபோல் அதையும் பேண வேண்டும்.

அம்மோனியாவின் கொடுமை நீரின் கார அமில நிலையைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பத்தில், கார அமில நிலை 7 ஆக உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. 8 ஆனால் நூற்றுக்கு ஏழு பங்கு. 9 ஆனால் ஏறத்தாழப் பாதி. பச்சை நீரில் பிற்பகலில் கார அமில நிலை 9ஐ எட்டுவது உண்டு. காலையில் நன்றாயிருந்த மீன் மாலையில் சுருண்டு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளத்தின் அளவும் மீனின் அளவும்

வடிகட்டியைத் திட்டமிடும் முன் குளத்தின் கொள்ளளவு தெரிய வேண்டும். அடிக் கணக்கில் நீளம், அகலம், நீரின் ஆழம் மூன்றையும் பெருக்கி, 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். எடுத்துக்காட்டாக 10 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி நீர் ஆழம் உள்ள குளம் 320 கன அடி. அதாவது சுமார் 9,000 லிட்டர். கொல்லைக்கு இது பொருத்தமான அளவு. நான்கடிக்குக் குறைவான ஆழத்தில் பங்குனி, சித்திரை வெயிலில் நீர் சூடேறிவிடும்.

வளர்ந்த வண்ணக் கெண்டை ஒன்றுக்கு 1,000 லிட்டர் என்பது பாதுகாப்பான கணக்கு. 9,000 லிட்டரில் அரைக் கிலோ எடையுள்ள மீன் எட்டு முதல் பத்து வரை விடலாம். மொத்தம் 5 கிலோ மீன். எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தீனி என்றால் நாளொன்றுக்கு 100 கிராம். இந்த 100 கிராம் என்ற எண்ணை நினைவில் வைக்க வேண்டும். வடிகட்டியின் சுமையை முடிவு செய்வது மீனின் எண்ணிக்கையைவிடத் தீனியின் அளவே. புரதம் நூற்றுக்கு 32 பங்கு உள்ள தீனி 100 கிராம் போட்டால் ஏறத்தாழ 3 கிராம் அம்மோனியா அன்றாடம் குளத்தில் சேரும்.

இடமும் கட்டுமானமும்

மரத்தடியை ஒட்டிக் குளம் கட்டக் கூடாது. இலையும் பூவும் விழுந்து அழுகும். வேர் சுவரைப் பிளக்கும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் சிறந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் ஆனி, ஆடிக் காற்று இப்பகுதியில் தூசியையும் சருகையும் வாரிக் கொண்டு வரும். மேற்குப் புறம் வேலியோ ஓலைத் தட்டியோ இருப்பது நலம்.

குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. ஆகவே குளத்தின் சுவர் தரைக்கு மேல் ஒரு அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். மழை நீரோடு விளையின் பூச்சிமருந்தும் குளத்தில் இறங்கிவிடாமல் இது காக்கும்.

தரையை நான்கு புறமிருந்தும் நடுவை நோக்கிச் சரிவாகப் பூசி, நடுவில் நான்கு அங்குல பி.வி.சி. குழாயைப் பதிக்க வேண்டும். மூலைகளை வளைவாகப் பூசினால் அழுக்கு தங்காது. நீர் சுழன்று அழுக்கை நடுவுக்குத் தள்ளும்.

புதிய சிமென்ட் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது. சுண்ணாம்பு கரைந்து நீர் மிகுந்த காரமாகும். இரண்டு மூன்று வாரம் நீர் நிரப்பி, சில நாளுக்கு ஒருமுறை வடித்து மாற்ற வேண்டும். வாழைத் தண்டைத் துண்டு போட்டு ஊற வைத்துக் கழுவும் வழக்கமும் உண்டு. கார அமில நிலை 8.5க்குக் கீழே வந்த பிறகே மீன் விட வேண்டும்.

நான்கு உறைகளில் ஒரு வடிகட்டி

கடைகளில் விற்கும் ஆயத்த வடிகட்டிகள் விலை கூடியவை. கழிவுநீர்க் குழிக்கும் கிணற்றுக்கும் இறக்கும் சிமென்ட் உறைகளைக் கொண்டே நல்ல வடிகட்டி அமைக்கலாம். மூன்றடி விட்டமும் மூன்றடி உயரமும் உள்ள உறைகள் நான்கு தேவை. குளத்தின் நீர்மட்டமும் உறையின் நீர்மட்டமும் ஒன்றாக இருக்கும்படி அவற்றைத் தரையில் இறக்கி, அடியைக் கான்கிரீட் போட்டு அடைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டரை அடி உயரத்துக்கு நீர் நின்றால் சுமார் 500 லிட்டர் கொள்ளும். ஒவ்வொன்றின் அடியிலும் வால்வு வைத்த இரண்டு அங்குல வடிகுழாய் ஒன்று வேண்டும். நிலம் சரிவாக இல்லாத இடத்தில் சிறு பம்பு வைத்து அடி நீரை இறைத்துக் கொள்ளலாம்.

முதல் உறை: அழுக்குப் படியும் உறை. குளத்தின் நடுக் குழாய் இதில் பக்கவாட்டில் சாய்வாக நுழைய வேண்டும். நீர் மெல்லச் சுழலும். கனமான கழிவு நடுவில் படியும். இதில் வேறு எதையும் போடக் கூடாது. நீர் ஆறு ஏழு நிமிடமாவது இங்கே தங்கும்.

இரண்டாம் உறை: சல்லடை உறை. பழைய நைலான் மீன் வலைகளை நன்றாகக் கழுவி, சுருட்டிக் கட்டித் தொங்கவிடலாம். நைலான் தூரிகைகளும் நல்லவை. மிதக்கும் கழிவு இதில் சிக்கிக் கொள்ளும்.

மூன்றாம், நான்காம் உறைகள்: உயிர் வடிகட்டி. அடியிலிருந்து அரையடி உயரத்தில் கம்பியோ பி.வி.சி. குழாயோ கொண்டு தட்டி அமைத்து, அதன்மேல் கல் நிரப்ப வேண்டும். நீர் தட்டிக்குக் கீழே நுழைந்து, கல் வழியே மேலேறி வழிய வேண்டும். மேலிருந்து கீழே விட்டால் கல் விரைவில் அடைத்துக் கொள்ளும்.

கல்லுக்கு மயிலாடி விவசாயிகள் வெளியே போக வேண்டியதில்லை. இவ்வூர்ச் சிற்பக் கூடங்களில் கழியும் கருங்கல் சில்லுகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. கருங்கல் நீரில் கரையாது. முக்கால் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரையுள்ள சில்லுகளைச் சலித்து எடுக்க வேண்டும். கல் மாவு ஒட்டியிருந்தால் செவுளில் அடைக்கும். நீர் தெளிந்து ஓடும்வரை அலச வேண்டும். எந்திர எண்ணெயோ வண்ணப்பூச்சோ பட்ட சில்லுகளை அடியோடு தவிர்க்க வேண்டும்.

நான்காம் உறையில் கல்லோடு ஐந்தில் ஒரு பங்கு கடற்சிப்பி ஓடு கலப்பது நலம். சிப்பி ஓடு மெல்லக் கரைந்து நீரின் காரத்தன்மையைக் காக்கும். தென்னம் மட்டையும் கயிற்று நாரும் மலிவாகக் கிடைக்கிறது என்று போட வேண்டாம். அவை சாயம் கக்கி நீரைப் பழுப்பாக்கும். அழுகி உயிர்வளியைக் குடிக்கும்.

பம்பின் இடம் நான்காம் உறையின் மேல்மட்டம். குளத்துக்குள்ளேயே பம்பை வைப்பது பரவலாக நடக்கும் தவறு. கழிவு முழுசாக வந்தால் படியும். பம்பின் விசிறியில் பட்டுக் கூழானால் படியாது. ஆகவே கழிவு முதலில் தானாக வழிந்து உறைகளுக்கு வர வேண்டும். வடிகட்டிய நீரையே பம்பு குளத்துக்குத் தள்ள வேண்டும்.

குளத்து நீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வருவது நல்லது. 9,000 லிட்டர் குளத்துக்கு மணிக்கு 4,500 லிட்டர் தள்ளும் பம்பு போதும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண், நீரைச் சற்றும் உயர்த்தாதபோது கிடைக்கும் அளவு. தேவையான உயரத்தில் எவ்வளவு தள்ளும் என்று கேட்டு வாங்க வேண்டும். 50 வாட் பம்பு இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட் மின்சாரம் ஆகும். தொழிலில் இறங்கும் முன் இந்தச் செலவையும் கணக்கில் எழுதிக் கொள்ள வேண்டும்.

திரும்பி வரும் நீரை ஒரு நீண்ட தொட்டி வழியே விட்டு, அதில் கல்வாழை, வெட்டிவேர் போன்றவற்றைச் சில்லுக் கல்லில் நட்டால் அவை நைட்ரேட்டை உறிஞ்சிக் கொள்ளும். பாசிக்குக் கிடைக்க வேண்டிய உரம் குறையும். தொட்டியிலிருந்து நீர் ஒரு அடி உயரத்திலிருந்து குளத்தில் விழுந்தால் உயிர்வளியும் சேரும்.

பாசியை மட்டும் ஒழிக்க நிழல் வலையே மலிவான வழி. குளத்தின் பாதிப் பரப்பில் வலை கட்டினால் பச்சை வெகுவாகக் குறையும். புற ஊதா விளக்கு நுண்பாசியை விரைவில் ஒழிக்கும், ஆனால் சுவரில் படரும் இழைப்பாசியைத் தொடாது, அம்மோனியாவையும் நீக்காது. விளக்கு எரிந்து கொண்டிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

முதல் ஆறு வாரம்

வடிகட்டி கட்டி முடித்த அன்றே வேலை செய்யாது. நுண்ணுயிர் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புதுக் குளத்தில் மீன் சாவது பெரும்பாலும் இக்காலத்திலேதான். முதலில் இரண்டு மூன்று மீன் மட்டும் விட்டு, தீனியைக் கால் பங்காகக் குறைக்க வேண்டும். நோயில்லாத பழைய வடிகட்டியிலிருந்து ஒரு வாளிக் கல்லை ஈரம் காயாமல் கொண்டு வந்து போட்டால், உறைமோர் ஊற்றியதுபோல் நுண்ணுயிர் விரைவில் பிடிக்கும்.

அம்மோனியா, நைட்ரைட் சோதனைக் குப்பிகள் வண்ண மீன் கடைகளில் கிடைக்கின்றன. வாரம் இருமுறை பார்க்க வேண்டும். அம்மோனியா ஏறி இறங்கிய பின் நைட்ரைட் ஏறும். அப்போது 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் கல்லுப்பு கரைத்து விட்டால் நைட்ரைட்டின் நஞ்சு மீனின் இரத்தத்தில் ஏறாமல் தடுக்கும். இரண்டும் பூச்சியத்துக்கு வந்த பிறகே மீனையும் தீனியையும் கூட்ட வேண்டும்.

கழுவிக் கெடுக்கும் வழக்கம்

தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது குறைக்கு இப்போது விடை தெரியும். பண்டிகை, விருந்து என்று குளத்தை ஒரே நாளில் வடித்து, உறைகளின் கல் முழுவதையும் எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, குழாய் நீரை நிரப்பி விடுகிறார்கள். நீர் கண்ணாடிபோல் இருக்கும். ஆனால் ஆறு வாரம் பாடுபட்டு வளர்ந்த நுண்ணுயிர் அனைத்தும் போய்விட்டது. மீன்கள் எப்போதும்போல் தின்கின்றன, கழிக்கின்றன. அம்மோனியாவை மாற்ற ஆளில்லை. குழாய் நீரிலுள்ள குளோரின் செவுளையும் அரிக்கிறது. இரண்டாம் நாளே மீன் மிதக்கிறது. நோய் என்று எண்ணி மருந்து வாங்கி ஊற்றினால் மிச்சமுள்ளதும் போகும்.

முறையாவது: முதல், இரண்டாம் உறைகளை எவ்வளவு கழுவினாலும் தீங்கில்லை. மூன்றாம், நான்காம் உறைகளை ஒரே நாளில் தொடக் கூடாது. ஒன்றைக் கழுவினால் மற்றதற்கு ஒரு மாதம் இடைவெளி வேண்டும். அதையும் குளத்து நீரிலேயே இலேசாக அலச வேண்டும். உயிர் வடிகட்டி இரண்டு உறைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதன் நோக்கமே இதுதான்.

மற்றொரு தவறு, மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் பம்பை நிறுத்துவது. மூச்சு விட வழியின்றி நுண்ணுயிர் சாகும். உறையிலுள்ள நீர் நாற்றமடிக்கும். காலையில் பம்பைப் போட்டதும் அந்த நீர் முழுவதும் குளத்தில் பாயும். மின்தடை நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், மின்சாரம் வந்ததும் உறைகளின் நீரை வடித்துவிட்டுப் பம்பைப் போட வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் சிறு காற்றுப் பம்பு ஒன்றை அதில் இணைத்து வைப்பது மீனுக்குக் காப்பீடு போன்றது.

சமையல் சோடாவின் உபயோகம்

ஓராண்டு நன்றாக ஓடிய குளம் திடீரெனக் கெடுவதற்குக் காரத்தன்மை தீர்ந்து போவது ஒரு காரணம். ஒரு கிராம் அம்மோனியாத் தழைச்சத்தை மாற்ற நுண்ணுயிர்கள் ஏழு கிராம் சுண்ணாம்புக்கு ஈடான காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. 100 கிராம் தீனிக்கு நாளொன்றுக்கு 21 கிராம் என்றால், 9,000 லிட்டர் குளத்தில் ஒரு மாதத்தில் லிட்டருக்கு 70 மில்லிகிராம் குறையும். தொடர்மழை நீரும் சேர்ந்தால் இன்னும் குறையும். அது தீர்ந்ததும் கார அமில நிலை சட்டென்று விழும். நுண்ணுயிர் வேலை நிறுத்தும்.

வாராந்தர நீர் மாற்றமும் சிப்பி ஓடும் இதை ஓரளவு ஈடு செய்யும். மாதம் ஒருமுறை சோதித்து, காரத்தன்மை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைந்தால் சமையல் சோடாவைக் கரைத்து விடலாம். 9,000 லிட்டருக்கு 150 கிராம் சோடா இட்டால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் உயரும். ஒரே நாளில் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

அன்றாடப் பணிகள்

நாள்தோறும் காலையில் மீனைப் பார்க்க வேண்டும். மேலே வந்து வாய் பிளந்தாலோ, நீர் விழும் இடத்தில் கூடி நின்றாலோ உயிர்வளி போதவில்லை. துடுப்பில் சிவப்புக் கோடு தெரிந்தாலோ, துடுப்பை ஒடுக்கி மூலையில் நின்றாலோ நீரைச் சோதிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி. மிச்சம் கிடந்தால் மறுநாள் குறைக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை முதல் உறையின் வடிகுழாயைத் திறந்து படிந்த கழிவை வெளியேற்ற வேண்டும். வலைகளை அலச வேண்டும். குளத்து நீரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 900 லிட்டர், மாற்ற வேண்டும். கிணற்று நீரானால் குளத்தில் விழும்போது தெறித்து விழும்படி விடலாம். குழாய் நீரானால் ஒரு நாள் தொட்டியில் காற்றாட வைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

மீன் வாடியிருக்கக் கண்டால் செய்ய வேண்டியவை மூன்று: தீனியை நிறுத்துதல், மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுதல், காற்றை மிகுதியாக்குதல். மருந்து அதற்குப் பிறகுதான்.

வெளியேற்றும் நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம். இதைப் பெரிய உரமாக எண்ணி ஏமாற வேண்டாம். நாளுக்கு 100 கிராம் தீனி போடும் குளத்திலிருந்து ஓராண்டில் கிடைக்கும் தழைச்சத்து ஏறத்தாழ மூன்று கிலோ யூரியாவுக்கு ஈடு. ஒன்றிரண்டு தென்னைக்கு உதவும். உப்பு இட்ட வாரத்து நீரை வாழைக்கு விடக் கூடாது.

காக்க வேண்டியவையும் தவிர்க்க வேண்டியவையும்

மயிலாடிக்கு அருகிலுள்ள சுசீந்திரம், தேரூர் குளங்கள் பறவைகளுக்குப் பேர் பெற்றவை. 2022ல் இவை ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நீர்க்காகமும் கொக்கும் மீன்கொத்தியும் கொல்லைக் குளத்தையும் தேடி வரும். தெளிந்த நீரில் செந்நிற மீன் அவற்றின் கண்ணுக்குத் தப்பாது. பறவைகளைத் துன்புறுத்தாமல், இரண்டு அங்குலக் கண்ணி வலையைக் குளத்தின் மேல் இழுத்துக் கட்டுவதே வழி.

அதே காரணத்தால், வேண்டாத மீனைக் கால்வாயிலோ ஊர்க் குளத்திலோ விடுவது பெருந்தவறு. நோயும் சேர்ந்து பரவும். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தப்படுத்தும் என்று விற்கப்படும் முள்ளுடல் கெளுத்தி மீனை வாங்கவே வேண்டாம். அது தப்பிப் பெருகிய நீர்நிலைகளில் நாட்டு மீன்களுக்கும் வலைகளுக்கும் கேடு விளைத்து வருகிறது.

பூச்சிமருந்துகளில் பைரித்திராய்டு வகைகள் மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். தோவாளைப் பகுதியில் மல்லிகைக்கும் பிச்சிக்கும் மருந்து தெளிக்கும் விவசாயிகள், காற்று குளத்துப் பக்கம் வீசும்போது தெளிக்கக் கூடாது. தெளிப்பானைக் குளத்து நீரில் கழுவவும் கூடாது. மயில்துத்தம் கலந்த போர்டோ கலவையும் மீனுக்கு ஆகாது.

வருமானம் பற்றி

வண்ணக் கெண்டையின் விலை எடைக்கு அல்ல, நிற அமைப்புக்கு. ஒரு தாய் மீன் ஒரு கிலோ எடைக்கு ஒரு லட்சம் முட்டை வரை இடும். ஆனால் பொரிக்கும் குஞ்சுகளில் நல்ல நிறம் காட்டுபவை சிலவே. மற்றவற்றைக் கழிக்க வேண்டும். ஜப்பானிய விவசாயிகள் கோடை முழுவதும் மீனை மண் குளத்தில் வளர்த்து, இலையுதிர் காலத்தில் பிடித்துத் தெளிந்த தொட்டியில் வைத்தே விற்கிறார்கள். நம் விவசாயிகளுக்கும் அம்முறையே ஏற்றது. குஞ்சை வளர்க்கப் பச்சை நீர் நிற்கும் மண் குளம். விற்பனைக்கும் தாய் மீனுக்கும் வடிகட்டி உள்ள தொட்டி. எல்லா மீனையும் வடிகட்டித் தொட்டியிலேயே வளர்த்தால் செலவு கட்டாது.

பெரிய சந்தை சென்னைக் கொளத்தூர். அவ்வளவு தூரம் உயிர் மீனை அனுப்புவதற்கு முன், நாகர்கோவில், திருநெல்வேலிக் கடைகள் எந்த அளவு மீனை எவ்வளவு வாங்கும் என்று கேட்டு அறிந்த பிறகே தொட்டியைப் பெருக்க வேண்டும். "குஞ்சு வாங்குங்கள், வளர்ந்ததும் நாங்களே எடுத்துக் கொள்கிறோம்" என்பவர்களின் பேச்சை எழுத்தில் வாங்காமல் பணம் கட்ட வேண்டாம்.

2020ல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் புறக்கடை வண்ண மீன் வளர்ப்புக்கு அலகு மதிப்பு 3 லட்சம் ரூபாய் என்று வகுக்கப்பட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் அறிவிக்கப்பட்டது. கட்டுமானத்தைத் தொடங்கும் முன்பே மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் அப்போதுள்ள விதிகளைக் கேட்டுக் கொள்வது அவசியம். பறக்கையிலுள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்திலும், திருப்பதிசாரம் வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். நேரில் செல்லும்போது, சுத்தமான குப்பியில் விளிம்பு வரை நிரப்பி மூடிய குளத்து நீரும், தீனி அளவையும் நீர் மாற்றிய நாட்களையும் குறித்த நோட்டும் கையில் இருந்தால் நோயின் காரணத்தை விரைவில் கண்டு சொல்ல முடியும்.